ஒரு கேம் திக்கினால் மன்னிக்கிறோம், இன்னொன்று திக்கினால் கொந்தளிக்கிறோம். ஏன்?

கேள்வி: கன்சோலில் (பிளேஸ்டேஷன் மாதிரி டிவியில் மாட்டி விளையாடும் எந்திரத்தில்) சில கேம்கள் லேக் அடித்தாலும், அதாவது திக்கித் திக்கி ஓடினாலும், தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். வேறு சில அதே அளவு லேக் அடித்தால் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். இதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா? என் நண்பன் 30 ஃபிரேமில், அதாவது நொடிக்கு 30 படம் என்று, ஓடும் கேமைப் பார்த்தாலே கண் வலிக்கிறது என்கிறான். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கோளாறு யாருக்கு?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோளாறு இரண்டு பேருக்கும் இல்லை. உங்கள் நண்பர் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் விளையாடிப் பழகியவராக இருப்பார், இல்லாவிட்டால் சமீபத்தில் ஓஎல்இடி டிவி வாங்கியவராக இருப்பார். ஏன் ஜோசியக்காரன் மாதிரி அடித்துச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

முதல் கேள்வி பெரியது. இருபது வருடத்துக்கும் மேலாகக் கன்சோலில் விளையாடுகிறேன், நடுவில் மூன்று வருடம் ஒரு சின்ன கேம் நிறுவனத்தில் டெஸ்டராகக் குப்பை கொட்டினேன். இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். ஒரு குறையை ஆட்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதும், அந்தக் குறை அவர்களுக்குப் பொருட்டே இல்லை என்பதும் ஒன்றல்ல. கேம் கம்பெனிகள் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவது என்று எழுதிக்கொள்கின்றன. உங்கள் கேள்வியில் இருக்கும் குழப்பமும் அங்கிருந்துதான் வருகிறது.

கொஞ்சம் கணக்கு. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், கன்சோலுக்கு ஒவ்வொரு படத்தையும் வரைய 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கும். 30 ஃபிரேம் என்றால் 33.3. அந்த நேரத்துக்குள் அடுத்த படம் தயாராகவில்லை என்றால், டிவி பழைய படத்தையே இன்னொரு முறை காட்டும். இதைத்தான் திக்குகிறது என்கிறோம். கண்ணை உறுத்துவது ஃபிரேம் குறைவாக இருப்பதை விட அது சீராக இல்லாததுதான். 2015-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த பிளட்போர்ன் நல்ல உதாரணம். சராசரி எடுத்தால் நொடிக்கு 30 ஃபிரேம்தான், கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு படம் 16 மில்லிசெகண்ட் நிற்கும், அடுத்தது 50 நிற்கும், அதற்கடுத்தது 33. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போயிருப்பீர்கள். வண்டி மெதுவாகவே போனாலும் ஒரே வேகத்தில் போனால் தூங்கிவிடலாம். சும்மா சும்மா பிரேக் போட்டுப் போட்டு ஓட்டும் டிரைவர், மொத்தத்தில் சீக்கிரமே கொண்டுபோய்ச் சேர்த்தாலும் இறங்கும்போது வயிற்றைப் பிரட்டும்.

இத்தனைக்கும் பிளட்போர்னை யாரும் கிழிக்கவில்லை. இன்று வரைக்கும் அதைப் பற்றிக் கண் கலங்கப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். அதே ஆட்கள்தான் வருடா வருடம் 60 ஃபிரேம் பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) எங்கே என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். அதிகாரப்பூர்வமாக ஒன்று வராததால், தனி ஆள் ஒருவரே உட்கார்ந்து 60 ஃபிரேம் பேட்ச் எழுதி 2021-இல் வெளியிட்டார். பொருட்டில்லாத ஒன்றுக்காக யாராவது இப்படி மெனக்கெடுவார்களா?

பழைய கதைக்குப் போவோம். கன்சோல் கேம்கள் தொடக்கத்திலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியவைதான். இன்னும் பின்னால் போனால், 1978-இல் ஆர்கேடில், அதாவது காசு போட்டு விளையாடும் எந்திரத்தில், வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுகிரக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எந்திரத்துக்கு அவ்வளவு பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்தத் தெம்பில்லை, ஒவ்வொருவராகத்தான் நகர்த்தும். நீங்கள் சுடச் சுட ஆட்கள் குறைவார்கள், வேலையும் குறையும், மிச்சம் இருப்பவர்கள் வேகமாக ஓடத் தொடங்குவார்கள். எந்திரத்தின் சோம்பேறித்தனம் கேமின் விறுவிறுப்பாக ஆகிவிட்டது. அப்புறம் வந்த தோட்டாமழை கேம்களில், திரை முழுக்கத் தோட்டாக்கள் நிரம்பும்போது கேமே மெதுவாகும். விளையாடுபவர்களுக்கு அது வரம், நுழைந்து தப்பிக்க நேரம் கிடைக்கும். இதை வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு.

1998-இல் நின்டெண்டோ 64-க்கு வந்த செல்டா, அதாவது ஒகரினா ஆஃப் டைம், நொடிக்கு 20 ஃபிரேமில் ஓடியது. ஐரோப்பாவில் விற்ற பதிப்பு அங்கிருந்த 50 ஹெர்ட்ஸ் டிவிக்காக (நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிப்பது) இன்னும் இறங்கி 17-க்கும் கீழே போனது. உலகத்தின் தலைசிறந்த கேம்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதை ஒதுக்கிவிட்டுப் போட முடியாது. அந்த 20 பெரும்பாலும் சீரான 20. அதை நம்பித்தான் கத்தி வீச்சிலிருந்து குதிரை ஓட்டம் வரை எல்லா நேரக்கணக்கும் அமைந்திருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பதிப்பும் அப்போது யாரிடமும் இல்லை. வேகமாக ஓடும் ஒகரினா என்று ஒன்று இருந்தால்தானே இது மெதுவாக ஓடுகிறது என்று தோன்றும்?

அதற்கு ஒரு வருடம் முன்னால், அதே கன்சோலில் வந்த கோல்டன்ஐ சங்கதி வேறு. நாலு பேர் திரையைப் பங்கு போட்டுக்கொண்டு விளையாடும்போது இரண்டு குண்டு வெடித்தால் போதும், படம் நகராமல் நிற்கும். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் நிற்பதால் யாருக்கும் அநியாயம் இல்லை, சிரித்துக்கொண்டு அடுத்த குண்டை வைப்பார்கள். இதில் ரசமான விஷயம் ஒன்று உண்டு. கோல்டன்ஐயை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று போட்டி போடும் ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். தரையைப் பார்த்தால் கன்சோல் வரைய வேண்டிய பொருள்கள் குறைவு, லேக் குறையும், சில நொடிகள் மிச்சம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகனிடம் இதே பழக்கத்தைப் பார்த்தேன். பத்து வயசு. கோல்டன்ஐ என்று ஒன்று இருந்ததே அவனுக்குத் தெரியாது. ஒரு திறந்தவெளி கேமில், சந்தைத் தெரு ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் வலது கட்டைவிரலால் கேமராவைக் கீழே இறக்கிவிடுவான். கதாபாத்திரம் தன் காலையே பார்த்துக்கொண்டு ஓடும். தெரு முடிந்ததும் கேமரா மேலே வரும். எதற்குடா நிலத்தையே பார்த்துக்கொண்டு ஓடுகிறாய் என்று கேட்டேன். "அப்படி ஓடினாத்தான் மாமா ஒழுங்கா ஓடும்" என்றான். லேக், ஃபிரேம் எந்த வார்த்தையும் அவனுக்குத் தெரியாது. அவனிடம் போய் இந்த கேம் திக்குகிறதா என்று கேட்டிருந்தால் இல்லை, சூப்பர் என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் அவன் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தெரு முழுக்கச் சுற்றியிருக்கும் எதையும் பார்க்காமல் ஓடுவதற்குப் பழகியிருந்தான். அந்தத் தெருவில் கடை கடையாகப் பழங்களை அடுக்கி வைத்த கலைஞர் பாவம்.

உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்கிறீர்களே, அதை நான் முழுசாக நம்பாததற்குக் காரணம் இதுதான். கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். கைக்குத் தெரிந்து, கை ஏற்கெனவே சமாளித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, கம்பெனிகள் பக்கம் வருவோம். 2009 அக்டோபரில் இன்சோம்னியாக் என்ற அமெரிக்க ஸ்டூடியோ வெளிப்படையாக ஒன்றை எழுதியது. ராட்செட் அண்ட் கிளாங்க் வரிசையை 60 ஃபிரேமில் ஓட வைத்துப் பெயர் வாங்கிய ஸ்டூடியோ அது. அதன் எஞ்சின் குழுவின் தலைவராக இருந்த மைக் ஆக்டன் எழுதியதன் சாரம் இதுதான்: ஃபிரேம் ரேட்டுக்கும் விற்பனைக்கும் தொடர்பு தெரியவில்லை, ஃபிரேம் ரேட்டுக்கும் விமர்சன மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை, காட்சி அழகுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு நன்றாகத் தெரிகிறது. ஆகவே 60-ஐக் கட்டிக்கொண்டு அழுவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைப் படத்தின் அழகில் செலவிடப் போகிறோம். நேர்மையான கட்டுரை, பொய்க் கணக்கும் இல்லை. அந்தத் தலைமுறையின் பெரிய கேம்கள் பலவும் அந்த வழியில்தான் போயின.

பதினைந்து வருடம் கழித்து, 2024 செப்டம்பரில், சோனியின் கன்சோல்களை வடிவமைக்கும் மார்க் செர்னி பிளேஸ்டேஷன் 5 புரோவை அறிமுகப்படுத்திப் பேசினார். படம் துல்லியமாக வேண்டுமா, வேகமாக ஓட வேண்டுமா என்று கேட்டால், ஏறத்தாழ முக்கால்வாசி நேரம் விளையாடுபவர்கள் வேகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். புதுக் கன்சோல் கொண்டுவருவதற்கு முக்கியக் காரணமாக அதையேதான் சொன்னார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினைந்து வருடத்தில் மனிதர்களின் கண் மாறிவிட்டதா? அதெல்லாம் இல்லை. 2009-இல் வாங்குபவர் முன் இருந்தது ஒரு கேம், ஒரு வேகம். வாங்கு, இல்லாவிட்டால் போ. அந்த நிலையில் விற்பனையை அளந்தால் தெரிவது, எவ்வளவு வரை ஆட்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள் என்பது மட்டுமே. 2020-க்குப் பிறகு மெனுவில் அழகு, வேகம் என்று இரண்டு பட்டன் பரவலாக வந்தது. ஆட்கள் தங்களுக்கு எது பிடிக்கும் என்று பெரிய அளவில் சொல்ல முடிந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரே ஒரு சாம்பார்தான் என்றால் அத்தனை பேரும் அதைத்தான் ஊற்றிக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பையன்களுக்கு எங்கள் சாம்பார் என்றால் உயிர் என்று மெஸ் கான்ட்ராக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? இன்சோம்னியாக்கும் பாதை மாறியது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-உடன் சேர்ந்து வந்த ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸில் 60 ஃபிரேம் மோடும் இருந்தது.

கன்சோல்காரர்கள் பொறுமைசாலிகள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு வெளியே போக வாசல் கிடையாது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் இருந்தால், பணம் திரும்பக் கிடைக்கும். இந்த வசதி வந்தது 2015 ஜூனில். அதே மாதம் பேட்மேன் ஆர்க்கம் நைட்டின் கம்ப்யூட்டர் பதிப்பு படுமோசமாக ஓடியது, வெளியான சில நாளிலேயே விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் சட்டம் வேறு. வாங்கிய கேமை டவுன்லோட் செய்யத் தொடங்கிவிட்டாலே, கேமில் பெரிய குறை இருந்தாலொழியப் பணம் திரும்பாது. திக்குகிறதா இல்லையா என்று டவுன்லோட் செய்யாமல் எப்படித் தெரியும்? டிஸ்க் வாங்கினால் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். ஐயாயிரம் ரூபாயைக் கொட்டி ஒரு கேம் வாங்கிய நம்மூர்ப் பையன், இது நன்றாக இல்லை என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ளவே ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் நண்பர்களிடம் கேமுக்காக வக்கீல் வேலை பார்ப்பான். நானும் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வியின் மையம். ஒன்றை மன்னிப்பது, இன்னொன்றைக் கிழிப்பது. இதற்கு ஒரே ஸ்டூடியோவின் இரண்டு வெளியீடுகளை எடுத்துக்கொள்கிறேன். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட்.

2019 அக்டோபரில் விட்சர் 3 நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது. கையில் பிடித்து விளையாடும்போது அதன் படத் துல்லியம் 540பி (மேலிருந்து கீழே 540 புள்ளி வரிசை) அளவுதான், அதுவும் நிலையாக இல்லை, கூட்டம் சேரும் இடங்களில் இறங்கும். 30 ஃபிரேமுக்குப் பூட்டிய வேகம் சதுப்பு நிலத்திலும் நகரத்திலும் வழுக்கும். தூரத்து மரங்கள் சாயம் கரைந்த துணி மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். அவ்வளவு பெரிய கேம் இந்தக் கைக்குட்டை சைஸ் கருவியில் ஓடுகிறதே என்று மெச்சினார்கள். பயணத்தில் விளையாடலாமே, அது போதாதா?

ஏறத்தாழ 14 மாதம் கழித்து, 2020 டிசம்பர் 10-ஆம் தேதி, சைபர்பங்க் 2077. எண்பது லட்சம் பேர் முன்கூட்டியே பணம் கட்டியிருந்தார்கள். சாதாரண பிளேஸ்டேஷன் 4-இல் நகரத்துக்குள் வண்டி ஓட்டினால் ஃபிரேம் 20-க்கும் கீழே போனது. நடந்து போகும் ஆட்களின் முகம் வந்து சேர இரண்டு நொடி ஆகும். இடையிடையே கேமே மூடிக்கொள்ளும். ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டவுன்லோட் செய்தால் திரும்பாது என்றேனே, அந்தச் சட்டம் ஓரமாகப் போனது. ஆறு மாதம் கழித்து, 2021 ஜூன் 21 அன்றுதான் கேம் திரும்ப ஸ்டோரில் ஏறியது.

ஃபிரேமை மட்டும் பார்த்தால், மோசமான இடங்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று ரொம்ப தூரத்தில் இல்லை. சைபர்பங்க் அடிக்கடி மூடிக்கொண்டது, பக்கெட் பக்கெட்டாக பக் (புரோகிராமில் கோளாறு) இருந்தது, அது உண்மை, அதைக் கழித்துவிட்டே பேசுகிறேன். கோபத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. வெளியீட்டுக்கு முன்னால் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே கொடுக்கப்பட்டது. கன்சோலில் அது எப்படி ஓடுகிறது என்று வெளியில் யாருக்கும் காட்டவில்லை. பழைய கன்சோல்களிலும் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார்கள். அப்போது உலகத்தில் பத்துக் கோடிக்கும் மேல் பிளேஸ்டேஷன் 4 இருந்தது. கேமை முதன்முதலில் அறிவித்தபோது பிளேஸ்டேஷன் 5 என்ற பேச்சே இல்லை. இந்த வண்டிக்காகத்தான் செய்கிறோம் என்று சொல்லி விற்றுவிட்டு, இந்த வண்டி ஏன் இழுக்கவில்லை என்று கேட்டால் பழைய வண்டிதானே என்று சொன்ன கதை. ஸ்விட்ச் விட்சரில் யாரையும் யாரும் ஏமாற்றவில்லை. தள்ளாடும் என்று வாங்கும்போதே தெரியும், தள்ளாடியது, சந்தோஷம். நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவர் 2021 ஜனவரியில் வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். சைபர்பங்குக்கு 2023-இல் வந்த விரிவாக்கம் பழைய கன்சோல்களுக்கு வரவே இல்லை. அதுவும் ஒரு விதத்தில் ஒப்புதல் வாக்குமூலம்தான்.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் சொல்லாவிட்டால் நியாயமாகாது. போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட். 2022 நவம்பர் 18. வகுப்பறைக் காட்சியில் பின்வரிசை மாணவர்கள் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி வெட்டி வெட்டி அசைவார்கள். தூரத்தில் காற்றாலை ஒன்று கடிகார முள் போல நின்று நின்று சுற்றும். கம்பெனி முன்கூட்டி எச்சரிக்கவும் இல்லை. நான் இதுவரை சொன்னபடி பார்த்தால் கொந்தளித்திருக்க வேண்டும், ஸ்டோரிலிருந்து தூக்கியிருக்க வேண்டும். நடந்தது என்ன? மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகள். எந்த நின்டெண்டோ கன்சோலிலும் அதுவரை எந்த கேமும் தொடாத தொடக்க விற்பனை. இரண்டு வாரத்தில் வந்த அப்டேட் குறிப்பில், ஓட்டத்தில் சிக்கல் இருப்பது தெரியும், வருந்துகிறோம் என்று நின்டெண்டோ எழுதியது. ஒரு கோடி பேர் வாங்கியதும் நிஜம், மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்ததும் நிஜம்.

இதற்கு என்னிடம் இருக்கும் விளக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. போக்கிமான் திருப்பம் திருப்பமாக நடக்கும் சண்டை. நான்கு தெரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் படம் திக்கினால் நீங்கள் தோற்க மாட்டீர்கள். கூடவே வகுப்பில் எல்லாரிடமும் அது இருக்கிறது, உங்களிடம் இல்லாவிட்டால் பிடித்த போக்கிமான்களை யாரோடு மாற்றிக்கொள்வது? அதே திக்கலைச் சண்டை கேமில் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக வேகமான சாதாரண அடி நான்கு ஃபிரேமில் விழும். ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அங்கே இரண்டு ஃபிரேம் காணாமல் போனால் ஒருவன் தோற்றுப்போனான் என்று அர்த்தம். அதனால்தான் அந்த வகைக் கேம்கள் படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்து 60-ஐக் காப்பாற்றும்.

மன்னிக்கவே முடியாத ஒரு வகையும் உண்டு. 2011-இல் பிளேஸ்டேஷன் 3-இல் வந்த ஸ்கைரிம். தொடக்கத்தில் ஒழுங்காக ஓடும். விளையாட விளையாட, ஆட்டம் எதுவரை வந்தது என்று பதிந்து வைக்கும் சேவ் ஃபைல் பெருக்கும், பெருக்கப் பெருக்க கேம் நொண்டத் தொடங்கும், ஒரு கட்டத்தில் நாலடி எடுத்து வைக்க முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் இருந்த 512 எம்பி நினைவகத்தை கேம் தன் இஷ்டத்துக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 3-இல் அதே அளவு 256, 256 என்று நடுவில் சுவர் வைத்த இரண்டு அறை. ஒரு அறை நிரம்பினால் அடுத்த அறையில் இடம் இருந்தும் பயனில்லை. அஞ்சு மணி நேரம் விளையாடியவனுக்கு அருமையான கேம், அறுபது மணி நேரம் விளையாடியவனுக்கு நரகம். உயிரைக் கொடுத்து விளையாடுபவனை மட்டும் தேடிப் பிடித்து அடிக்கும் கோளாறு. விமர்சனத்தில் இது வராது, விமர்சகருக்கு அறுபது மணி நேரம் ஏது?

நான் டெஸ்டராக இருந்தபோது இதன் சின்ன வடிவம் ஒன்றைப் பார்த்தேன். துரத்தல் காட்சி, நீளமான தாழ்வாரம், மேலே வரிசையாக விளக்குகள். கடைசி மூன்று விளக்குக்கு வரும்போது வேகம் பாதியாகும், குதிக்க வேண்டிய இடத்தில் பட்டன் அழுத்தினால் ஆள் அரை நொடி கழித்துக் குதிப்பான், பள்ளத்தில் விழுவான். பக் என்று எழுதிக் கொடுத்தேன். யாருக்கும் தெரியாது என்று மூடிவிட்டார்கள். வெளியான பிறகு வந்த கருத்துகளைப் படித்தேன். ஒருவர் கூட ஃபிரேம் என்றோ லேக் என்றோ எழுதவில்லை. தாழ்வாரத்தில் பட்டன் வேலை செய்யவில்லை, அந்தக் குதி அநியாயம், கேம் ரொம்பக் கஷ்டம் என்றுதான் எழுதியிருந்தார்கள். எங்கள் கம்பெனி குதிக்கும் தூரத்தைக் குறைத்து ஒரு அப்டேட் விட்டது. விளக்கு மூன்றும் அப்படியே எரிந்தன.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வந்த முதல் இரண்டு வருடம் பெரும்பாலான கேம்கள் பழைய கன்சோலுக்கும் சேர்த்தே வந்தன. பழைய எந்திரத்துக்காகச் செய்ததைப் புது எந்திரத்தில் 60-இல் ஓட்டுவது பெரிய வேலை இல்லை. ஆட்களுக்கு நாக்கில் ருசி ஏறிவிட்டது. 2022 அக்டோபரில் கோதம் நைட்ஸ் கன்சோலில் 30 மட்டும்தான் என்று வந்தபோது எழுந்த கூச்சல், நான்கைந்து வருடம் முன்னால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

2023-இல் பெதஸ்டா என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட இரண்டு கேம்கள் இதைத் தெளிவாகக் காட்டின. மே மாதம் ரெட்ஃபால். அது துப்பாக்கிச் சண்டை. வெளியீட்டுக்குச் சில வாரம் இருக்கும்போதுதான், எக்ஸ்பாக்ஸில் இப்போதைக்கு 30, 60 அப்புறம் வரும் என்றார்கள். அது வந்தது அக்டோபரில், அதற்குள் விளையாட ஆளில்லை. செப்டம்பரில் ஸ்டார்ஃபீல்ட், அதுவும் 30. ஆனால் மூன்று மாதம் முன்பே, உலகம் இவ்வளவு பெரியது, அதற்காக 30-இல் பூட்டுகிறோம், தடுமாறாமல் ஓடும் என்று அதன் இயக்குநர் டாட் ஹவார்ட் விளக்கியிருந்தார். முணுமுணுப்பு இருந்தது. பெரும்பாலும் சொன்னபடி ஓடியதால் ரெட்ஃபால் வாங்கிய அடியை அது வாங்கவில்லை. அடுத்த மே மாதம் 60-ம் வந்தது. ரெட்ஃபாலுக்கு மற்ற வியாதிகளும் நிறைய இருந்தன, 30 மட்டும் கொன்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை.

நடுவழி ஒன்றும் உண்டு, 40 ஃபிரேம். ராட்செட் அண்ட் கிளாங்க் ரிஃப்ட் அபார்ட்டுக்கு 2021-இல் வந்த அப்டேட் இதைக் கொடுத்தது. 30-க்கும் 60-க்கும் நடு 45 என்றுதான் தோன்றும். நேரத்தில் கணக்குப் போட்டால் 33.3-க்கும் 16.7-க்கும் சரிபாதி 25 மில்லிசெகண்ட், அது 40 ஃபிரேம். 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால் மூன்று துடிப்புக்கு ஒரு படம் என்று கச்சிதமாக உட்காரும். என் சொந்த ருசி இதுதான்.

ஓஎல்இடி சமாசாரம் பாக்கி இருக்கிறது. பழைய எல்சிடி டிவியில் ஒவ்வொரு புள்ளியும் நிறம் மாறச் சில மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். படங்கள் ஒன்றோடொன்று லேசாகக் குழைந்துவிடும், 30 ஃபிரேமின் வெட்டு மறையும். ஓஎல்இடி சட்டென்று மாறிவிடும். ஒவ்வொரு படமும் பளிச்சென்று நின்று, பளிச்சென்று தாவும். நானும் ஒன்று வாங்கி மாட்டிய அன்று ராத்திரி, பல வருடமாக விளையாடிய கேமைப் போட்டுவிட்டுக் கன்சோல்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். உங்கள் நண்பரிடம் என்ன டிவி என்று கேட்டுப் பாருங்கள். சினிமா மட்டும் 24 ஃபிரேமில் உறுத்தவில்லையே என்று யாராவது கேட்டால், சினிமாவில் ஒவ்வொரு படத்திலும் அசைவின் இழுவை கேமராவிலேயே பதிவாகிறது, மேலும் கேமராவைத் திருப்புவது நீங்கள் இல்லை. 2014-இல் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி செய்தவர்கள் 30-தான் சினிமா உணர்வைத் தருகிறது என்று பேசிப் பார்த்தார்கள். வெளியானபோது அந்த 30-க்கே அது மூச்சு வாங்கியது. கடைசியில் விரிவாக்கத்தை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

உங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு வழி. டிவியைக் கேம் மோடில் வையுங்கள், அசைவை மெருகேற்றும் வசதி எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு மோடும் இருக்கும் ஒரு கேமில் பத்து நிமிடம் 30-இல் விளையாடுங்கள். அப்புறம் பத்து நிமிடம் 60. பெரிதாக ஒன்றும் தோன்றாமல் போகலாம். அப்புறம் திரும்ப 30-க்கு வந்து, ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்தபடி கேமராவை மெதுவாகத் திருப்புங்கள். சோதனை அந்த மூன்றாவது பத்து நிமிடம்தான். ஆனால் யோசித்துச் செய்யுங்கள். உங்களிடம் இருப்பது 30-இல் மட்டும் ஓடும் கேம்கள் நிறைந்த பழைய அலமாரி என்றால், இந்தச் சோதனையைச் செய்யாமல் இருப்பதுதான் உங்களுக்கு லாபம். நண்பர் கையில் ரிமோட்டையும் கொடுக்காதீர்கள்.